அரை இட்லிக் கூட்டாளிகள்

எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றிப் போன இதழில் நாலு வரி பதில் எழுதினாலும் எழுதினேன், தர்மபுரி மாவட்டத்திலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. கேள்விகள் வேறுவேறு, அடிக்குறிப்பு மட்டும் ஒன்றே: 'தயவுசெய்து பெயர் போட வேண்டாம்.' போடவில்லை. ஊர் மட்டும் போடுகிறேன். நான் டாக்டர் இல்லை என்பதால் மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டர் பாடு.

கே: வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் வயிற்றை வெட்டிக்கொள்கிறார்கள் என்கிறார் என் மாமனார். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து தினமும் இதே பாட்டு. (பாலக்கோடு)

ப: மிக்சரைக் கொறித்துக்கொண்டேதானே சொன்னார்? 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷனில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது நூறு, நூற்றைம்பது மில்லி கொள்ளக்கூடிய ஒரு குழாய். எடுத்துப் போட்ட பகுதியில்தான் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-இல் அதைக் கண்டுபிடிக்கும்வரை உலகம் முழுக்க மாமனார்கள் இதற்கு வாய்க்கொழுப்பு என்றே பெயர் வைத்திருந்தார்கள். நிதின் கட்கரி 2011-இல் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். அருண் ஜெட்லி 2014-இல் செய்துகொண்டபோது நாட்டின் நிதியமைச்சர். இந்தியாவின் செலவைக் கட்டுப்படுத்தியவருக்கு வாயைக் கட்டத் தெரியாது என்று மாமனார் சொல்வாரானால், அவருக்குக் கட்சிக்காரர்கள் பதில் சொல்வார்கள்.

கே: பிறந்ததிலிருந்து ராகிக் களி. ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் கழித்து ஆசையாக ஒரு உருண்டை விழுங்கினேன். நெஞ்சிலேயே நின்றுவிட்டது. வாயில் நுரை நுரையாக எச்சில். இனி ஜென்மத்துக்கும் களி கிடையாதா? (பென்னாகரம்)

ப: தப்பு களியில் இல்லை, 'விழுங்கினேன்' என்று எழுதினீர்களே, அதில் இருக்கிறது. களியை மெல்லுகிறவனைக் கேலி செய்யும் மாவட்டம் இது. கீரைக் குழம்பிலோ கொள்ளுக் குழம்பிலோ புரட்டி, பல்லில் படாமல் உள்ளே தள்ளினால்தான் களி தின்றதாகக் கணக்கு. உங்கள் புது இரைப்பையோ, கூழாக அரைபட்டு வந்தால்தான் கதவைத் திறக்கும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கமும் இரண்டு மாத வயிறும் மோதிக்கொண்டதில் அடைத்துவிட்டது.

பெங்களூரிலோ கோவையிலோ ஆபரேஷன் முடிந்ததும் கையில் ஓர் உணவு அட்டவணை கொடுத்தனுப்புவார்கள். ஓட்ஸ், பிராக்கோலி, யோகர்ட் என்று போகும். பென்னாகரம் சந்தையில் பிராக்கோலி கேட்டுப் பாருங்கள், 'எந்த ஊரு சாமி?' என்பார்கள். அட்டவணையில் இருக்கும் விஷயம் சரிதான். அதை நம் அடுப்புக்குக் கொண்டுவர, நம் அடுப்பில் சமைத்து, நம்மைப் போலவே அடைத்துக்கொண்டு, பிறகு தேறிய ஓர் ஆள் வேண்டும். அப்படித் தேறியவர்கள் சொல்வது: முதல் வாரங்களில் வடிகட்டிய ராகிக் கஞ்சி. பிறகு மோர் விட்டுக் கரைத்த கூழ். டாக்டர் திட உணவுக்குச் சம்மதம் சொன்ன பிறகு, இளகக் கிண்டிய களியில் சுண்டைக்காய் அளவு. மென்று, இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு அடுத்தது. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் போகட்டும்.

இன்னொன்று. ராகியில் கால்சியம் தாராளம்; நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. புரதமோ ஏழு கிராம்தான். உங்களுக்குத் தினம் 60 கிராமாவது வேண்டும். அதனால் தட்டில் முதல் மரியாதை முட்டைக்கும் மீனுக்கும் கொள்ளுக்கும் பருப்புக்கும். வயிற்றில் இடம் மிஞ்சினால் களிக்கு. ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி தரும் திட்டத்தை 2023-இல் அரசு முதலில் தொடங்கியது நீலகிரியிலும் தர்மபுரியிலும்தான். அந்த இரண்டு கிலோவை மாதத்துக்குள் தீர்க்க வேண்டிய பொறுப்பை வீட்டில் மற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு, எதைச் சாப்பிட்டாலும் வாந்தி, அதுவும் இரண்டு மூன்று நாளாக நிற்கவில்லை என்றால் யோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போய் மூளையையும் நரம்பையும் தாக்கும். நேரே ஆஸ்பத்திரி.

கே: கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது! (தர்மபுரி நகரம்)

ப: மூன்றாம் மாதம் ஆரம்பித்து ஆறேழு மாதம்வரை பலருக்கும் கொட்டும், பிறகு முளைக்கும். புரதமும் இரும்புச் சத்தும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் விற்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கே: எங்கள் பக்கத்தில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவள் நான் ஒருத்திதான். யாரிடம் எதைக் கேட்பது? இரண்டு வாய்க்கு மேல் இறங்காததை, பிடித்த மீன் குழம்பு வாடையே குமட்டுவதை, கண்ணாடியில் யாரோ நிற்பது போலிருப்பதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். (அரூர்)

ப: நீங்கள் ஒருத்தி இல்லை. உங்கள் கடிதத்துக்கு அடியிலேயே இன்னொரு கடிதம் இருக்கிறது. அதே அரூர் வட்டம். 'இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்' என்று ஆரம்பிக்கிறது. இருவரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, 'இவருக்குச் சுகர் போலிருக்கு' என்று நினைத்துக்கொண்டு போயிருக்கலாம். ஊருக்கு இரண்டு பேர் இருந்தாலும் ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், எல்லோரும் 'வாக்கிங் போனேன், இளைத்துவிட்டேன்' என்று சொல்லி வைத்திருப்பதுதான். அந்த வாக்கிங்கை நம்பிச் செருப்புத் தேய்கிறவர்கள் எத்தனை பேரோ!

ஆபரேஷனுக்குப் பிறகு ஒத்தவர்களோடு கூடிப் பேசும் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவர்கள், போகாதவர்களைவிடக் கூடுதலாக எடை குறைகிறார்கள் என்று வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அக்கறை உள்ளவர்கள்தான் கூட்டத்துக்குப் போவார்கள், அதனால் அப்படித் தெரிகிறது என்று வாதம் செய்யலாம். செய்யட்டும். கூட்டத்துக்குப் போனதால் எடை கூடியது என்று யாரும் சொல்லவில்லையே.

கூடிப் பேசுவதைத் தர்மபுரிக்காரர்களுக்கு யார் கற்றுத் தருவது? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பிறந்ததே இங்கேதான். 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரியும் உள்ளடங்கியிருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய சோதனை அது. பிறகுதான் மற்ற மாவட்டங்களுக்குப் போனது, மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவியது. வட்டமாக உட்காருவது, தீர்மான நோட்டில் எழுதுவது, 'போன வாரம் ஏன் கட்டலை?' என்று முகத்துக்கு நேரே கேட்பது, கேட்ட கையோடு காரணத்தையும் காதுகொடுத்துக் கேட்பது எல்லாம் உங்கள் அம்மா தலைமுறைக்கே பழக்கம். கடன் தவணைக்குப் பதில் கால்சியம் மாத்திரை. சேமிப்புக்குப் பதில் புரதம். ஒரு ஊக்குநர், ஒரு நோட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேர் போதும் ஆரம்பிக்க.

குமட்டல், கண்ணாடி எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் கிடைக்கும். உடம்பு இளைத்த வேகத்துக்கு மனசு இளைக்காது. கதவிடுக்கில் இன்னும் ஒருக்களித்துத்தான் நுழைகிறேன் என்று ஒருவர் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'நானும்' என்பார். டாக்டரிடம் இதைச் சொன்னால் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான்.

கே: ஹோட்டலில் ஒரே ஒரு இட்லி கேட்டால் சர்வர் என்னைக் கடன்காரனைப் போலப் பார்க்கிறார். அந்த ஒன்றிலும் பாதி மிச்சம். (தொப்பூர்)

ப: மேலே அரூரில் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். இன்னொருவரையும் பிடித்து, நாலு பேர் சேர்ந்து போய் ஒரு பிளேட் சொல்லுங்கள். சர்வர் முறைத்தால் முறைப்பை நாலாகப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கே: இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அதே மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொள்கிறேன். அடிக்கடி வியர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. பலவீனம்தானே? (காரிமங்கலம்)

ப: இந்த ஒரு பதிலைச் சிரிக்காமல் படியுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய நல்ல திட்டம். ஆனால் மாத்திரை கொண்டுவரும் அக்காவின் பதிவேட்டில் நீங்கள் இன்னும் பழைய எடைக்காரர். இந்த ஆபரேஷனில், குறிப்பாகக் குடலைத் திருப்பி இணைக்கும் பைபாஸில், எடை குறைவதற்கு முன்னாலேயே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். சாப்பாடும் கையளவாகிவிட்டது. பழைய அளவு மாத்திரையோ இன்சுலினோ தொடர்ந்தால் சர்க்கரை தரைதட்டும். வியர்வையும் நடுக்கமும் அதற்கான அடையாளங்களாக இருக்கலாம். நாளைக்கே ஆபரேஷன் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைப் பாருங்கள். நீங்களாகவும் நிறுத்த வேண்டாம். அந்த அக்காவிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். யாருக்கு என்ன நோய் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் தெருத் தெருவாக நடக்கிறவர்கள் அவர்கள்.

கே: அதியமான் ஒளவைக்குக் கொடுத்த மாதிரி ஒரு நெல்லிக்கனி தினமும் சாப்பிட்டால் இந்த வைட்டமின் மாத்திரைகளை எல்லாம் விட்டுவிடலாமா? (அதியமான்கோட்டை)

ப: உங்கள் ஊர் மன்னன் கொடுத்தது ஆயுளுக்கான கனி, ஒளவைக்கு இரைப்பை முழுசாக இருந்தது. நெல்லிக்காயில் வைட்டமின் சி நிறைய, இரும்புச் சத்தை உடம்பு வாங்கிக்கொள்ள அது உதவும். ஆனால் பி12 எந்தக் காயிலும் கனியிலும் கிடையாது. அது நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டும். ஆயுசு முழுக்க மாத்திரையோ ஊசியோதான் வழி. நெல்லிக்காயை மாத்திரையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பையும் கால்சியத்தையும் மட்டும் ஒரே வேளையில் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் ஆகாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கே: முன்பெல்லாம் அரை பாட்டில் போனாலும் அசைய மாட்டேன். இப்போது ஒரு கட்டிங்கிலேயே ஏறிவிடுகிறது. செலவு மிச்சம்! இதுவும் ஆபரேஷனின் நன்மைதானே? (மொரப்பூர்)

ப: கணக்கில் புலி நீங்கள். இரைப்பையில் தங்காமல் சாராயம் நேரே குடலுக்குப் போய் மளமளவென்று ரத்தத்தில் கலக்கிறது, அதுதான் விஷயம். சுமார் இரண்டாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளிவந்தது. குடிக்கு அடிமையாவது ஆபரேஷனுக்கு அடுத்த இரண்டாம் வருஷத்தில் அதிகமாகிறது, பைபாஸ்காரர்களிடம் இன்னும் அதிகம் என்று கண்டார்கள். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் கைவிட்டுப் போனதும் கை வேறெதையோ தேடுகிறது. மிச்சம் பிடித்த பணத்தில் புரதம் வாங்குங்கள்.

கே: இளைத்த பிறகு எங்கே போனாலும் துக்கம் விசாரிக்கிறார்கள். 'சுகரா? வேற ஏதாவதா? மறைக்காதே' என்கிறார்கள். (கம்பைநல்லூர்)

ப: குண்டாக இருந்தபோது 'குறைடி' என்ற அதே வாய்கள்தானே? 'ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், நல்லா இருக்கேன்' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி 'எவ்வளவு செலவாச்சு?' என்று வரும். அதோடு உங்கள் உடம்பை விட்டுவிடுவார்கள்.

கே: மகளுக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம். ஆள் அடையாளம் தெரியாமல் மெலிந்துவிட்டாள், வரன்கள் குவிகின்றன. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்ல வேண்டுமா? (நல்லம்பள்ளி)

ப: முதலில் மகளிடம் கேளுங்கள், கடிதத்தில் அவள் குரலையே காணோம். சொல்லாமல் கட்டிக்கொடுத்தால் என்ன நடக்கும்? மறுவீட்டு விருந்தில் மூன்றாவது வாயில் கையைக் கழுவுவாள். 'எங்க சமையல் பிடிக்கலையா?' என்று முதல் சண்டை. தினமும் மாத்திரை விழுங்குவாள், 'என்ன வியாதி?' என்று இரண்டாவது சண்டை. பத்தாம் மாதம் பேரன் கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்வரை கர்ப்பம் வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்லும் விதி. வேகமாக எடை இறங்கும் காலத்தில் தாயிடம் இருப்பே இல்லாதபோது பிள்ளைக்கு எதைக் கொடுப்பாள்? எடை குறைந்ததும் கரு தரிப்பது சுலபமாகிவிடும் என்பது வேறு. பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையையும் முழுசாக நம்ப முடியாது. வேறு முறையை டாக்டரிடம் கேட்க வேண்டும். இத்தனையும் தெரிய வேண்டிய மாப்பிள்ளையிடம் மறைத்து யாருக்கு லாபம்? புரோக்கருக்கு.

கே: முதல் வருஷம் 38 கிலோ குறைந்தேன். ஊரே மெச்சியது. நாலாம் வருஷம் ஒன்பது கிலோ திரும்ப ஏறிவிட்டது. ஆபரேஷன் செய்துகொண்ட சிநேகிதிகள் இரண்டு பேரையும் இப்போது பார்ப்பதில்லை, போன் வந்தாலும் எடுப்பதில்லை. தோற்றுவிட்டேன். (பாப்பிரெட்டிப்பட்டி)

ப: 38-இல் 9 போனால் 29. இருபத்தொன்பது கிலோ குறைந்து நாலு வருஷம் நிற்பதற்குப் பெயர் தோல்வி என்றால் எனக்கு உடனே தோற்க ஆசை.

சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். முதல் ஓரிரு வருஷத்தில் எடை அதிகபட்சம் இறங்கியது, பிறகு பலருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, அப்புறம் ஒரு இடத்தில் நின்றது. அப்படி ஏறிய பிறகும், செய்துகொள்ளாதவர்களைவிட அவர்களில் இறந்தவர்கள் குறைவு. ஆக, கொஞ்சம் ஏறுவது உடம்பின் குணம். மாதம் விடாமல் ஏறிக்கொண்டே போனால் டாக்டரும் உணவு ஆலோசகரும் பார்க்க வேண்டிய விஷயம்.

சிநேகிதிகளை விட்டதுதான் எனக்குச் சம்மதமில்லை. குறையும்போது கூடுகிறவர்கள் ஏறும்போது கலைந்துவிட்டால் அந்தக் கூட்டம் எதற்கு? தவணை தவறிய அன்றைக்குத்தானே குழுவுக்கு வேலையே வருகிறது. அவர்கள் இருவருக்கும் ஏறாமலா இருக்கும்? நீங்கள் போன் எடுக்காத காரணத்தையே அவர்களும் வைத்திருக்கலாம். இன்றைக்கே நீங்கள் கூப்பிடுங்கள், முதல் வாக்கியமாக ஒன்பது கிலோவைச் சொல்லிவிடுங்கள். மனசு மிகவும் இருண்டு, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிற நாளில் மட்டும் சிநேகிதிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் 14416-க்கும் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் எண். இலவசம், தமிழிலும் பேசலாம்.

கே: எங்களுடைய ஆறு பேர் கூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு தடவையும் ஏதோ பவுடர் டப்பாவோடு வருகிறார். (தர்மபுரி நகரம்)

ப: இனி ஐந்து பேர் கூட்டம் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

கே: 2024-இல் சென்னைப் பக்கம் ஓர் இளைஞர் இந்த ஆபரேஷனின்போதே இறந்துபோனதைப் படித்தேன். என் மகன் பிடிவாதமாக இருக்கிறான். பயமாக இருக்கிறது. (பாப்பாரப்பட்டி)

ப: பயம் நியாயமானது. இது தொப்பை குறைக்கும் அழகு நிலைய வேலை அல்ல, பெரிய ஆபரேஷன். அனுபவமுள்ள மையங்களில் மரணம் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்றுவரை. சின்ன எண்தான், ஆனால் அந்த ஒன்று யார் வீட்டுப் பிள்ளை என்று எண் சொல்லாது. மருத்துவமனையில் கூச்சப்படாமல் கேளுங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா? இதயம், நுரையீரல், தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் பரிசோதித்தீர்களா? வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? ஆபரேஷனுக்குப் பிறகு கூப்பிட்டால் எடுக்கிற எண் எது? அப்புறம் இன்னொன்று: 'இங்கே செய்துகொண்ட இரண்டு பேரோடு பேச முடியுமா? ஒருவர் போன மாதம் செய்தவர், ஒருவர் நாலைந்து வருஷம் முன்பு செய்தவர்.' புதியவர் வலியைச் சொல்வார், பழையவர் வாழ்க்கையைச் சொல்வார். மகனையும் கூட்டிப் போங்கள், பிடிவாதம் தீர்மானமாகிறதா, கரைகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் காய்ச்சல், படபடப்பு, வயிற்று வலி கூடினால் தையல் கசிவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கே: இன்சூரன்ஸ் தருமா? (கடத்தூர்)

ப: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த விதிப்படி 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்றவை இருக்க வேண்டும். மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்பதும், டாக்டர் பரிந்துரையும் வேண்டும். 1991-இல் அமெரிக்காவில் போட்ட கோடு இது. இந்த ஆபரேஷன் செய்யும் டாக்டர்களின் சங்கங்களோ 2022-இல் கோட்டைத் தாழ்த்தி, ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றன. டாக்டர்கள் 2022-இல் இருக்கிறார்கள், கம்பெனி 1991-இல் இருக்கிறது. பாலிசியில் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்றும் படித்துப் பாருங்கள்.

கே: மவுஞ்சாரோ ஊசி வந்துவிட்ட பிறகு ஆபரேஷன் எதற்கு? (பாலக்கோடு)

ப: 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. நன்றாகவே வேலை செய்கிறது; நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. யாருக்கு எது என்று டாக்டர் சொல்லட்டும். ஆபரேஷன் செய்து ஏறியவர்களுக்கும் ஊசி எழுதிக் கொடுப்பதுண்டு. இரு கட்சிக்கும் கூட்டணி சாத்தியம்.

கே: நாங்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டோம். முதல் கூட்டத்தில் என்ன செய்வது? (ஏரியூர்)

ப: ஆளுக்கு ஒரு காகிதத்தில் என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, என்னென்ன மாத்திரை என்று எழுதி வாருங்கள். ஸ்லீவ்காரருக்குச் சரியானது பைபாஸ்காரருக்கு ஆகாமல் போகலாம். வலி மாத்திரை ஒன்றே போதும் உதாரணத்துக்கு. மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண மூட்டுவலி மாத்திரை பைபாஸ் செய்தவருக்குக் குடல் இணைப்பில் புண் உண்டாக்கும். அதனால் யாரும் யாருக்கும் மாத்திரையை மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது முதல் தீர்மானம். எடை மெஷின் கொண்டுவரக் கூடாது என்பது இரண்டாவது. கொண்டுவந்தால் அன்றைக்கு வேறு பேச்சே நடக்காது. கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது என்று எல்லோரும் சொல்ல வேண்டும், ஒரு வருஷம் தாண்டியவரை அடுத்த வாரமே ஒருவர் கூட்டிப் போக வேண்டும். நாலாவது, பலகாரம் கிடையாது. பலகாரம் இல்லாமல் ஒரு கூட்டம் தர்மபுரி மாவட்டத்தில் நடந்ததாகச் சரித்திரம் இல்லை, நீங்கள் நடத்திக் காட்டுங்கள். டீ வேண்டுமானால் சர்க்கரை போடாமல், அதுவும் இரும்பு மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து.